புதுக் குதிரையை கூட்டத்தோட சேர்த்து முதல் ட்ரெயிலுக்கு கூட்டிட்டுப் போறது எப்படி

புதுசா ஒரு குதிரை வந்து இறங்கினதும் கூட ரைடு பண்ற ஃப்ரெண்ட்ஸ் கேக்குற முதல் கேள்வி "அப்போ இந்த வாரமே ட்ரெயிலுக்கு (மைதானத்துக்கு வெளிய திறந்த பாதையில சவாரி போறது) வர்றியா?"ங்கறதுதான். இல்லைனு சொல்லிடுங்க. என் கணக்கு ரொம்ப சிம்பிள், மேயுற இடத்துல உங்க புதுக் குதிரை எந்தக் குதிரையோட ஒத்துப் போகுதோ அந்தக் குதிரையோடதான் அதோட முதல் ட்ரெயில் இருக்கணும், அது எதுன்னு தெரியறதுக்கு முன்னாடி பாதையில இறங்கவே வேணாம். நிறைய பேர் சேணத்துல உக்காந்த அப்புறம்தான் ட்ரெயினிங் பத்தி யோசிக்கிறாங்க, ஆனா ட்ரெயில்ல வர்ற பாதி வம்பு குதிரைங்களுக்குள்ள ஏற்கனவே இருக்கற வம்புதான், நாம மேல உக்காந்திருக்கோம் அவ்வளவுதான்.

குதிரை வர்றதுக்கு முன்னாடியே பழைய ஓனர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க. என்ன தீனி, எத்தனை வேளை, கடைசியா குடல்புழு மருந்து எப்போ குடுத்தது, என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கு, லாடம் அடிச்சது எப்போ, மத்த குதிரைங்களோட மேஞ்சு பழக்கம் இருக்கா இல்ல தனியாவே கட்டி வளர்த்ததா, பின்னாடி ஏதாவது நெருங்கினா உதைக்குமா. கடைசி ரெண்டு கேள்விக்கு வர்ற பதிலைத்தான் கவனமா கேக்கணும், ஓனர் கொஞ்சம் இழுத்துப் பேசினா உதைக்கும்னே வச்சுக்கங்க. அது சாப்பிட்டுட்டு இருந்த காய்ஞ்ச புல்லுல ஒரு வாரத்துக்காவது வாங்கிட்டு வந்துடுங்க, எதுக்குன்னு கீழ சொல்றேன்.

வந்ததும் நேரா மத்ததுங்களோட விடக் கூடாது. குறைஞ்சது 3 வாரம் தனியா. ஸ்ட்ராங்கிள்ஸ்னு ஒரு நோய் இருக்கு, தாடைக்கு கீழ நெறி கட்டி சீழ் வச்சு மூக்குல ஒழுகும், கிருமி உள்ள போயி அறிகுறி தெரிய 3 நாள்ல இருந்து 14 நாள் வரை ஆகலாம், அதனால வந்து இறங்குறப்போ பளபளன்னு நல்லா இருக்கேனு நம்பி சேர்த்து விட்டா ரெண்டே வாரத்துல மொத்த லாயமும் படுத்துடும். காலையும் சாயங்காலமும் டெம்பரேச்சர் பாருங்க, ஓய்வா இருக்கற பெரிய குதிரைக்கு 37.2ல இருந்து 38.3 டிகிரி செல்சியஸ் வரை நார்மல், அதை 38.5 தாண்டுச்சுன்னா வெட் டாக்டருக்கு போன் பண்ணுங்க. தெர்மாமீட்டர் ஏன் இவ்ளோ முக்கியம்னா ஸ்ட்ராங்கிள்ஸ்ல காய்ச்சல் வந்து ஒரு ரெண்டு நாள் கழிச்சுதான் கிருமி மூக்கு வழியா வெளிய வர ஆரம்பிக்கும், அந்த இடைவெளியில பிடிச்சுட்டா மத்ததுங்க தப்பிச்சுடும். வெளிய ஒண்ணும் தெரியாமலே தொண்டைக்குள்ள கிருமியை சுமக்குற குதிரைங்களும் உண்டு, அதுக்கு தனி டெஸ்ட் இருக்கு, எங்க இருந்து வந்ததுன்னு சரியா தெரியாத குதிரைன்னா டாக்டர்கிட்ட கேட்டு அதையும் எடுத்துடுங்க. பக்கெட், பிரஷ், ஹால்டர் (தலையில மாட்டி பிடிச்சு நடத்துற பட்டை) எல்லாம் தனி. பழைய குதிரைங்க வேலையை முதல்ல முடிச்சுட்டு புதுசுகிட்ட கடைசியா போங்க, அப்புறம் கையை கழுவுங்க.

தனியான்னா இருட்டு ரூம்ல அடைக்கறது இல்லைங்க. குதிரை கூட்டமா வாழுற ஜீவன், வேற ஒரு குதிரை கண்ணுக்கு தெரியலன்னா சுத்தி சுத்தி நடந்து, கத்தி, சாப்பிடாம இளைச்சுடும். தூரத்துல மத்ததுங்க தெரியணும், மூக்கும் மூக்கும் மட்டும் தொடக் கூடாது.

தீனி விஷயத்துல அவசரமே வேணாம். 7ல இருந்து 10 நாள் எடுத்துக்கிட்டு பழைய புல்லுல புதுப் புல்லை கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. குதிரையோட பின்குடல்ல இருக்கற நுண்ணுயிருங்கதான் நாரை ஜீரணம் பண்ணிக் குடுக்குது, தீனி திடீர்னு மாறினா அதுங்க தடுமாறிடும், கேஸ் கட்டும், கோலிக்னு சொல்ற வயித்து வலி வரும், அதுவும் குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்கறதால உள்ள போனது வேற வழியில வரவே வராது. முன்காலால தரையை கீறறது, திரும்பித் திரும்பி தன் வயித்தையே பாக்குறது, படுத்துப் புரள்றது, சாணி போடாம இருக்கறது, இதுல எது பாத்தாலும் காத்திருக்காதீங்க, உடனே டாக்டர். நார்த்தீனி ஒரு நாளைக்கு உடம்பு எடையில 1.5ல இருந்து 2 சதவீதம், அதாவது 500 கிலோ குதிரைக்கு 7.5ல இருந்து 10 கிலோ காய்ஞ்ச புல். தண்ணி சும்மா நிக்குற நாள்லயே 25 லிட்டருக்கு மேல குடிக்கும், இடம் மாறினா தண்ணி ருசி பிடிக்காம சிலது குடிக்காது, அதனால தொட்டியா வைக்காம பக்கெட்ல அளந்து வச்சு எவ்ளோ குறையுதுன்னு பாருங்க.

இந்த 3 வாரத்துல சவாரி ஆசையை அடக்கிட்டு கையில பிடிச்சு நடத்துங்க, நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்க, எங்க தொட்டா கூசுது, எதைப் பாத்து மிரளுதுன்னு தெரிஞ்சுக்கங்க. முதுகுக்கு சேணம் சரியா உக்காருதான்னும் இப்பவே பாத்துடலாம், பழைய குதிரையோட சேணம் இதுக்கும் சரியா இருக்கும்னு நினைக்காதீங்க.

காய்ச்சல் இல்லாம நாள் முடிஞ்சா அடுத்து அறிமுகம். முதல்ல மேய்ச்சல் இடம் காலியா இருக்கறப்போ பகல்ல புதுசை உள்ள கூட்டிட்டுப் போயி வேலி ஓரமாவே ஒரு முழு சுத்து நடத்திக் காட்டுங்க, தண்ணி எங்க இருக்குன்னும் காட்டுங்க. துரத்தல் ஆரம்பிச்சா வேலி எங்க இருக்குன்னு தெரியாத குதிரை நேரா அதுல போய் மோதும், கம்பி வேலின்னா காயம் ரொம்ப மோசமா இருக்கும். அப்புறம் சில நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமா பக்கத்து பக்கத்துல விடுங்க, நடுவுல ஒரு இடைவெளி விட்டு ரெட்டை வேலி போட முடிஞ்சா இன்னும் நல்லது ஏன்னா கம்பிக்குள்ள கால் விட்டு உதைச்சுக்கற வேலை இருக்காது.

மொத்த கூட்டத்துல ஒரே நாள்ல தள்ளி விடுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். "அதுங்களே பாத்துக்கும்"னு சொல்றவங்க இருக்காங்க, பாத்துக்கும்தான், ஆனா டாக்டர் பில் நம்ம தலையில விழும். கூட்டத்துலயே சாந்தமான ஒண்ணை மட்டும் (எல்லாரையும் அடக்குற ரவுடியும் வேணாம், எல்லாருக்கும் பயந்து ஓடுறதும் வேணாம்) புதுசோட சேர்த்து சில நாள் விடுங்க, அப்புறம் ரெண்டையும் ஒண்ணா கூட்டத்துல சேருங்க. அப்போ புதுசுக்கு தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இருக்கும். பின்கால் லாடத்தை கழட்டிடுங்க, உதை விழுந்தா எலும்பு தப்பிக்கும். மூலை முடுக்கு இல்லாத பெரிய இடமா இருக்கணும், ஒடுங்கின மூலையில மாட்டிக்கிட்டா அடி வாங்குற குதிரை எங்க போகும். காய்ஞ்ச புல்லை தள்ளித் தள்ளி குவியலா போடுங்க, எத்தனை குதிரையோ அதை விட ஒரு குவியல் அதிகமா, ஒண்ணை விரட்டினாலும் போய் சாப்பிட இன்னொரு இடம் இருக்கணும். நிறைய நேரம் கூட நிக்கக்கூடிய நாளா பாத்து காலையிலயே விடுங்க, சாயங்காலம் விட்டுட்டு வீட்டுக்கு போற வேலை வேணாம்.

காதை பின்னாடி மடிக்கறது, கீச்சுன்னு கத்தறது, முன்காலால அடிக்கற மாதிரி காட்டறது, கொஞ்ச தூரம் துரத்தறது எல்லாம் சகஜம், உள்ள ஓடாதீங்க, நீங்க நடுவுல போனாதான் உதை உங்களுக்கு விழும். விடாம துரத்துறது, மூலையில மடக்கறது, தண்ணிகிட்டயே நெருங்க விடாம பண்றது, இதெல்லாம் இருந்தா பிரிச்சுட்டு திரும்ப வேலிக்கு ரெண்டு பக்கமா விடுற கட்டத்துக்கு போங்க. பெரும்பாலும் முதல் சில நாள்லயே சத்தம் அடங்கிடும்.

இப்போ நோட்டு போட்டு பாக்க வேண்டிய கட்டம் இதுதான். யார் வந்தா யார் விலகுது, யார் யாரோட நெருங்கி நின்னு பிடரிப் பக்கம் மாறி மாறி சொறிஞ்சு விடுது, எது எதைப் பாத்தாலே காதை மடிக்குது. ஒரு குதிரை இன்னொண்ணுக்கு பயந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி நெருக்கமா நடக்க பிடிக்காது, பின்னாடி வர்றது கடிச்சுடுமோன்னு வாலை அடிச்சுக்கிட்டே வரும், ஒரு நிமிஷத்துல உதையும் விடும். ட்ரெயில்ல யாரை யாருக்குப் பின்னாடி வைக்கறதுங்கறதை இந்தப் பட்டியல்ல இருந்துதான் எடுக்கணும், யாரோட குதிரை ஸ்பீடுங்கறதுல இருந்து இல்ல.

ட்ரெயிலுக்கு முன்னாடி வீட்டு மைதானத்துலயே அந்த ஜோடிக் குதிரையோட சேர்ந்து ரைடு பண்ணுங்க. பக்கத்து பக்கத்துல நடக்கறது, ஒண்ணு நின்னு இன்னொண்ணு தாண்டிப் போய் முன்னாடி வர்றது, திரும்ப மாறுறது. முக்கியமா பிரிஞ்சு போறது. ஃப்ரெண்டோட குதிரை இருபது அடி தள்ளிப் போய் திரும்பி வரட்டும், உங்களோடது பதறாம நின்னா அடுத்த முறை நாப்பது அடி. இதை செய்யாம விட்டீங்கன்னா ஒட்டிப்பிறந்த மாதிரி ஆயிடும், பாதையில முன்னாடி போறது வளைவுல மறைஞ்ச உடனே இது கத்தி குதிச்சு ஓட ஆரம்பிக்கும். ஒரு லகானை மட்டும் மெதுவா இழுத்து கழுத்தை ஒரு பக்கமா வளைச்சு நிறுத்தறதையும் நின்ன இடத்துலயே பழக்கிடுங்க, வேகமா ஓடுறப்போ அதை திடீர்னு இழுத்தா குதிரை தடுமாறி விழுந்துடும், அதனால ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்.

முதல் ட்ரெயில்ல ரெண்டே குதிரை, அதிகபட்சம் மூணு. பத்து பேர் குரூப்புல புதுசை இழுத்துட்டுப் போறது வேணாம்ங்க, ஃப்ரெண்ட்ஸ் கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. சின்ன தூரம், பழகின பாதை, நடை மட்டும். குதிரை நடையில மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர் போகும், அதை வச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பற மாதிரி பிளான் பண்ணுங்க. ஹெல்மெட் எல்லாருக்கும். போனை உங்க உடம்புல வச்சுக்கங்க, சேணப் பையில வச்சா நீங்க கீழ விழுந்த அப்புறம் போன் குதிரையோட வீட்டுக்கு போயிடும். கிளம்பி ஒரு பத்து நிமிஷம் கழிச்சு சேணத்தை இறுக்கிப் பிடிக்கற வயித்துப் பட்டையை இன்னொரு தடவை செக் பண்ணுங்க, ஏறுறப்போ வயித்தை உப்பிக்கிட்ட குதிரைக்கு இப்போ கண்டிப்பா லூஸா இருக்கும்.

பழகின சாந்தமான குதிரை முன்னாடி, புதுசு பின்னாடி, மூணாவது இருந்தா புதுசு நடுவுல. இடைவெளி ஒரு குதிரை நீளம். இதை எப்படி அளக்கறதுன்னா உங்க குதிரையோட ரெண்டு காதுக்கு நடுவுல பாக்கறப்போ முன்னாடி போறதோட பின்குளம்பு தெரியணும், தெரியலன்னா நெருங்கிட்டீங்க. பல குரூப்ல உதைக்கற குதிரை வால்ல சிவப்பு ரிப்பன் கட்டுவாங்க, அனுபவம் இல்லாததுக்கு பச்சை, புதுசுக்கு பச்சையை கட்டி விட்டுடுங்க கௌரவம் பாக்காதீங்க.

வேகத்தை முடிவு பண்றது குரூப்ல ரொம்ப தடுமாறுறவங்கதான், நல்லா ஓட்டறவங்க இல்ல. யாராவது இறங்கினாலோ ஏறினாலோ கேட்டைத் திறந்து மூடினாலோ அவங்க சேணத்துல சரியா உக்காரற வரைக்கும் எல்லாரும் நிக்கணும். தண்ணி குடிக்கற இடத்துலயும் அதே, தன்னுது குடிச்சு முடிச்சிருச்சுன்னு ஒருத்தர் கிளம்பினா மத்ததுங்க பாதி குடிச்சுட்டு பின்னாடியே ஓடும். பின்னாடி வர்ற ரைடுகள்ல டிராட்டோ (துள்ளு நடை) கேன்டரோ (அதை விட வேகமான ஓட்டம்) போறதுக்கு முன்னாடி சத்தமா கேளுங்க, எல்லாரும் சரின்னு சொன்னாதான். இதையெல்லாம் கேக்காம ஜாலிக்கு பின்னாடி இருந்து பாய்ஞ்சு வந்து தாண்டிப் போற ஆள் ஒருத்தர் எல்லா குரூப்லயும் இருப்பார், புதுக் குதிரை இருக்கற வரைக்கும் அவரை கூப்பிடாதீங்க.

குதிரைக்கு கிட்டத்தட்ட 350 டிகிரி கண்ணு தெரியும், நெத்திக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும்தான் மறையும். போறப்போ இடது கண்ணால பாத்து கண்டுக்காம விட்ட கல்லு, வர்றப்போ வலது பக்கம் வந்தா புதுசு மாதிரி மிரளும், அடம் பிடிக்குதுன்னு அடிக்காதீங்க. நின்னு பாக்க விடுங்க, முன்குதிரை தாண்டிப் போகட்டும், இது தானா பின்னாடி வரும். எதிர்ல நடந்து வர்றவங்களை பேசச் சொல்லுங்க, பேச்சு சத்தம் கேட்டா அது மனுஷன்னு புரிஞ்சுக்கும், மரத்துக்குப் பின்னாடி சத்தமில்லாம ஒதுங்கி நிக்கறவங்களைப் பாத்துதான் ரொம்ப பயப்படும்.

இறக்கத்துல நடை மட்டும். வீட்டுப் பக்கம் திரும்பின அப்புறம் வேகமா ஓட விடவே கூடாது, ஒரு தடவை விட்டா அடுத்த ஒவ்வொரு தடவையும் திரும்பற இடம் வந்ததும் லகானை இழுத்துக்கிட்டு கிளம்பும். எங்கயாவது கட்டணும்னா லகானால கட்டாதீங்க, பின்னாடி இழுத்தா வாய் கிழிஞ்சுடும். ஹால்டரும் கயிறும் எடுத்துட்டுப் போங்க, தோள்மேடு உயரத்துல, ஒரே இழுப்புல அவிழற முடிச்சு.

திரும்பி வந்ததும் தண்ணி காட்டுங்க, வேர்த்திருந்தா உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி குளிர வைங்க. ஓய்வுல இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 இருக்கணும், இடது முன்முழங்கைக்குப் பின்னாடி கை வச்சோ ஸ்டெத் வச்சோ எண்ணலாம், வெறும் நடை போயிட்டு வந்து அரை மணி நேரம் ஆகியும் 60க்கு மேலயே நின்னா பயந்திருக்கு இல்ல எங்கயோ வலிக்குது, அடுத்த வாரம் தூரத்தை கூட்டாதீங்க. மறுநாள் காலையில நாலு காலையும் மேல இருந்து கீழ தடவிப் பாருங்க, ஒரு கால் மட்டும் சூடாவோ வீங்கியோ இருந்தா ரைடு கேன்சல். எல்லாம் சரியா இருந்தா அதே பாதை, அதே ஜோடி, இன்னும் ரெண்டு மூணு தடவை. அதுக்கப்புறம் உங்க பட்டியல்ல அடுத்து ஒத்துப்போற குதிரை எதுவோ அந்த ஃப்ரெண்டுக்கு போன் பண்ணுங்க.