சென்னை வீடுகளில் பருவந்தோறும் வரும் பூச்சிகள்: மாதம் பார்த்துத் தடுக்கும் முறை

சென்னையில் பூச்சிகள் நாட்காட்டியைப் பார்த்து வருவது போலத்தான் வருகின்றன. பங்குனி வெயில் ஏறும்போது எறும்பும் கரப்பான் பூச்சியும், ஆனி ஆடியின் மாலை மழையோடு ஈசலும் கரையானும், ஐப்பசி பிறந்ததும் கொசுவும் எலியும் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே கண்ணில் பட்ட பிறகு மருந்துக்கு ஓடுவதைவிட, ஒரு மாதம் முன்பே வழியை அடைத்து வைப்பதுதான் பயன் தருகிறது.

கோடையில் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறையின் தரை ஜாலி. அதன் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கியிருக்கும். சாக்கடையில் வாழும் பெரிய பழுப்புநிறக் கரப்பான் மேலே ஏறாமல் தடுப்பது அந்த நீர்தான். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும்போது வீட்டில் கரப்பான் ஓடுவதற்கு, அந்த நீர் வற்றிப்போவது ஒரு முக்கியக் காரணம். கிளம்பும் நாளில் எல்லா ஜாலிகளிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

சமையலறையில் திரியும் சிறிய கரப்பான் வேறு இனம். அதன் பெண்பூச்சி முப்பது முதல் நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும் தறுவாய் வரை உடலிலேயே சுமந்து திரிகிறது. ஸ்ப்ரே அந்தக் கூட்டுக்குள் சரியாக இறங்குவதில்லை. இதற்கு ஜெல் மருந்தே ஏற்றது. இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் சென்று, அவை எந்த இடுக்கில் ஒளிகின்றன என்று பார்த்து, கதவுக் கீல், சிங்க்கின் அடிப்பகுதி, மிக்ஸி வைக்கும் மேடையின் பின்புறம் ஆகிய இடங்களில் உளுந்து அளவுப் புள்ளிகளாக வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. இரண்டு செலவும் வீண்.

எறும்புகளில் கறுத்த பிள்ளையார் எறும்பு கடிக்காது, அதை நான் விட்டுவிடுகிறேன். கடிக்கும் சிவப்பு எறும்பு வரும் துளையைக் கண்டுபிடித்து வெள்ளை சிமென்டால் அடைத்து, அது நடந்த தடத்தைச் சோப்பு நீரால் துடைக்க வேண்டும். தடத்தின் வாசம் போகாதவரை அடுத்த கூட்டம் அதே வழியில் வரும். அரிசி வண்டைப் பொறுத்தவரை, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வெளியிலிருந்து வரும் வண்டைத் தயங்க வைக்கலாமே தவிர, அரிசி மணிக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டையை அழிப்பதில்லை. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதும், ரவையை வறுத்து வைப்பதும் போதும்.

முதல் மழைக்குப் பிறகு அந்தி நேரத்தில் டியூப்லைட்டை மொய்க்கும் ஈசல், சிறகு முளைத்த கரையானேதான். கிராமத்தில் அதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்பார்கள். நகரத்திலோ பயம்தான் முதலில் வருகிறது. ஜன்னல் வழியாக வந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை: உள்விளக்குகளை அணைத்து, வெளியில் ஒரு விளக்கின் கீழ் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்தால் அதில் விழுந்துவிடும். உங்கள் சுவரிலிருந்தோ நிலைக்கதவின் அடியிலிருந்தோ கிளம்பியிருந்தால் மட்டுமே கரையான் வீட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். நிலைச் சட்டத்தைக் கரண்டிக் காம்பால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே வாருங்கள். அரித்த இடம் பொள்ளலாக ஒலிக்கும். மண் குழாய் தெரிந்தால் முழுவதையும் சுரண்டாமல் ஒரு விரற்கடை மட்டும் உடைத்து வைத்து, சில நாளில் மீண்டும் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். கட்டப்பட்டால் புற்று உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவினால் கண்ணில் படும் கரையான் மட்டும் சாகும், மண்ணுக்குள் இருக்கும் புற்று அப்படியே இருக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்துவதே முறை.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. எனவே கொசுவுக்கான வேலையைப் புரட்டாசியிலேயே முடிக்க வேண்டும். கூவத்திலும் கால்வாய்களிலும் பெருகும் கொசு இரவில் கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது, நம் வீட்டின் தெளிந்த நீரில் வளர்வது. அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் அந்த முட்டை, அடுத்த முறை நீர் பட்டதும் பொரிகிறது. ஆகவே லாரித் தண்ணீர் பிடித்த டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தென்னை நார் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்வது நல்லது. சம்ப் மூடியின் விளிம்பு இடைவெளி, மேல்நிலைத் தொட்டியின் வழிவுக் குழாய் வாய், பிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகிய மூன்றும் பலர் மறப்பவை. குழாய் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும்.

மழைநீர் வளைகளில் புகும்போது எலியும் பெருச்சாளியும் வீடுகளை நாடும். ஏசி குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், சிங்க் குழாயைச் சுற்றிய இடைவெளி ஆகியவற்றில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளையே போதும். நீண்ட மூக்கும் கீச்சொலியும் உள்ள மூஞ்சூறு எலியல்ல, அது கரப்பானைத் தின்னும். கதவைத் திறந்து வெளியே விரட்டினால் போதும்.

எலி மருந்தை நான் பரிந்துரைப்பதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தனர். பொறி பயன்படாத நிலையில் மருந்து வைக்கும் ஆளை அழைத்தே ஆக வேண்டுமென்றால், மருந்தின் பெயரையும், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். அன்றிரவு அந்த வீட்டில் ஏசி போட்டு உறங்க வேண்டாம். முதல் நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து பின்னர் கல்லீரலைத் தாக்கும் எலி மருந்துகள் உண்டு. ஆகவே குழந்தை வாயில் வைத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்திக்காகக் காத்திராமல் 108-ஐ அழைத்து, மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.