சட்டை தைக்கும் கை பொம்மை தைக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சுற்றிப் பின்னும் தையல்) அடித்துப் பழகிய கையும் உண்டு, வீட்டில் ஜாக்கெட் தைத்துத் தேறிய கையும் உண்டு. அப்படிப்பட்ட கைதான் குழந்தைக்கு ஒரு துணிப் பொம்மை தைக்க உட்காரும்போது அதிகம் சறுக்குகிறது. சட்டைக்குள் இருக்கும் உடம்பு துணியை இழுத்துக்கொண்டே இருப்பதில்லை. பொம்மைக்குள் இருக்கும் பஞ்சோ இரவும் பகலும் தையலை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியிலிருந்து குழந்தை கடிக்கிறது, காதைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போகிறது. சட்டைக்குப் போதுமான தையல் இங்கே போதாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

உதாரணத்துக்குக் காங்கேயம் காளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து வால் வரை 25 செ.மீ. நீளம். திமில், கொம்பு, நாலு கால் என்று பொம்மைத் தையலின் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கின்றன.

துணியிலேயே தொடங்கும் தவறு

காதர்பேட்டையிலோ ஈரோடு ஜவுளிச் சந்தையிலோ கட் பீஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, அப்படியே வெட்டிவிடுவதுதான் முதல் தவறு. பனியன் துணி தொட்டால் மெத்தென்று இருக்கும், குழந்தைக்கு ஏற்றதுதான். ஆனால் அகலவாக்கில் நன்றாக இழுபடும். சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் பனியன் துணியில் 25 செ.மீ. காளையை வெட்டித் தைத்துப் பஞ்சு திணித்தால், இழுவை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உடம்பு ஊதிக்கொள்ளும். இழுவை நீளவாக்கில் வந்தால் காளை பாம்பாகிவிடும், காலுக்கு நேராக வந்தால் கால்கள் வளர்ந்து துவண்டுவிடும். இரண்டு பக்கத் துண்டுகளில் ஒன்றை நேராகவும் ஒன்றைக் குறுக்காகவும் வெட்டினால் உடம்பே முறுக்கிக்கொள்ளும். இந்தக் கோளாறு வெட்டும்போது தெரியாது. பஞ்சு திணித்த பிறகுதான் தெரியும், அப்போது சரிசெய்ய வழியில்லை.

இதற்கு வழி, வெட்டுவதற்கு முன்பே துணியின் பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுவது. கடையில் ஃபியூசிங் என்று கேட்டால் தருவார்கள். தேய்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பன்னிரண்டு விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் பனியன் துணி இழுபட்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கேன்வாஸ் வேண்டாம் என்றால் சிங்கிள் ஜெர்சியை விட்டு இன்டர்லாக் எனும் இரட்டைப் பின்னல் துணியை எடுங்கள். அது ஓரம் சுருளாது, இழுவையும் கட்டுக்குள் இருக்கும். நெய்த துணி இன்னும் சுலபம். சென்னிமலை போர்வைத் துணியில் மிச்சம் கிடந்தால் காளைக்கு அருமையாக இருக்கும். பவானி ஜமுக்காளம் இந்த அளவுப் பொம்மைக்கு ஆகாது. அதன் தடிமனில் கொம்பைத் திருப்பவே முடியாது.

துவைக்காமல் வெட்டுவது இன்னொரு தவறு. பருத்தி சுருங்கும், பனியன் துணி இன்னும் அதிகம் சுருங்கும். தைத்த பொம்மையை முதல் முறை துவைக்கும்போது துணி சுருங்கி, பஞ்சு சுருங்காமல் இருந்தால் தையல் விண்ணென்று இறுகி ஓரிடத்தில் விட்டுப்போகும். எல்லாத் துணியையும் ஒருமுறை நனைத்துத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். சிவப்பு, கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறமென்றால் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணியைப் பொம்மைக்கு எடுக்கவே கூடாது, குழந்தை அதை வாயில் வைக்கும்.

(காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, வளர வளரத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். சாம்பல் துணி கிடைக்கவில்லை என்று தேடி அலைய வேண்டாம், பழுப்புப் பிட்டில் ஒரு கன்றுக்குட்டி தைத்துவிடலாம்.)

வெட்டும்போது

பொம்மையின் வடிவத்தை வெட்டிய அட்டையை வைத்து இரண்டு துண்டும் ஒரே மாதிரி வெட்டிவிட்டு, பிறகு பார்த்தால் இரண்டும் இடப்பக்கமாக இருக்கும். வலம் வேண்டுமென்றால் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வரைய வேண்டும், அல்லது துணியை மடித்து வெட்ட வேண்டும். காது, கால், பக்கவாட்டு உடம்பு எல்லாமே சோடி. இருபக்கமும் ஒரே மாதிரி தெரியும் துணியென்றால் தப்பித்துக்கொள்ளலாம், பிரிண்ட் துணியில் மாட்டிக்கொள்வோம். மயிர்த் துணியென்றால் மயிர் தலையிலிருந்து வாலுக்கும், முதுகிலிருந்து காலுக்கும் படிய வேண்டும். பின்பக்கமிருந்து கத்தரி முனையால் அடித்துணியை மட்டும் வெட்டுங்கள். முன்பக்கமிருந்து நறுக்கினால் மயிரும் வெட்டுப்பட்டு, தையல் ஓரமெல்லாம் சொட்டையாகத் தெரியும்.

அடிவயிற்றுத் துண்டு இல்லாமல் இரண்டே துண்டில் காளை வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். தைத்தால் தோசை போலத் தட்டையாக வரும், நிற்காது. இரண்டு உட்பக்கக் கால்களோடு சேர்ந்த வயிற்றுத் துண்டு தனியாக இருந்தால்தான் நாலு காலும் பிரியும். கொம்பின் நுனியை ஊசி போல வரையாதீர்கள். தைத்து முடித்தபின் 1.5 செ.மீ. அகலமாவது இருந்தால்தான் அதைத் திருப்பவும் முடியும், பஞ்சும் போகும்.

தையல்

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பொம்மை பிய்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஓவர்லாக் ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். ஓவர்லாக் தையல் இழுபடும், சட்டைக்கு அது நல்ல குணம். பஞ்சின் அழுத்தத்தில் அதே குணத்தால் தையல் பல்லிளிக்கும். இரண்டு துணிக்கும் நடுவே நூல் ஏணிபோலத் தெரியும், அந்தச் சந்தில் குழந்தையின் விரல் நுழையும், பஞ்சு வெளியே வரும். சாதாரண மிஷினில் நேர்த்தையல் போடுங்கள், தையல் நீளம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சட்டைக்கு அங்குலத்துக்கு 9, 10 தையல் வரும், பொம்மைக்கு 12, 13 வரவேண்டும். முதல் தையலுக்கு மேலேயே இன்னொரு முறை சுற்றி ஓட்டுங்கள். கேன்வாஸ் ஒட்டாத பனியன் துணியில் நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் பட்டென்று அறும். அதற்குச் சிறு ஜிக்ஜாக், அரை மி.மீ. அகலம் போதும். பனியன் துணிக்கு 11ஆம் நம்பர் பால்பாயின்ட் ஊசி, அதாவது முனை சற்று உருண்ட ஊசி, போடுங்கள். கூரான ஊசி இழையைக் குத்தி அறுத்துவிடும், சின்னச் சின்ன ஓட்டையாகத் தொடங்கிப் பின்னல் அவிழ்ந்துகொண்டே போகும். நூல் பருத்தி வேண்டாம், ஸ்பன் பாலியஸ்டர் கோன் நூலே போதுமானது.

தையலுக்கு விடும் ஓரம் நெய்த துணிக்கு 6 மி.மீ., பனியனுக்கு 8 மி.மீ. அதைவிடக் குறைத்தால் நூல் பிரிந்து தையல் கழன்றுவிடும். அதிகமாக விட்டால் வளைவுகள் திரும்பாமல் மடிப்பு விழும்.

வளைவுகளில் கட் கொடுக்க மறப்பது எல்லோருக்கும் வரும் தவறு. வெளியே புடைக்கும் வளைவில், அதாவது திமில், வயிறு, முகம் ஆகிய இடங்களில் முக்கோணமாகச் சின்னச் சின்னத் துணுக்கை எடுத்துவிட வேண்டும். உள்ளே குழியும் வளைவில், அதாவது கழுத்தடியிலும் கால்களுக்கு நடுவிலும், நேராக ஒரு வெட்டு போதும். எங்கே வெட்டினாலும் தையலுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். கால்களுக்கு நடுவே வரும் முக்கு பொம்மையில் மிகவும் பலவீனமான இடம். அங்கே வெட்டுவதற்கு முன்பே மூன்றாவது முறையும் தைத்துவிட வேண்டும்.

பஞ்சு திணிக்க விடும் வாயைக் கழுத்தடியிலோ திமில் வளைவிலோ வைக்கக்கூடாது. வயிற்றின் நேர் ஓரத்தில் 6, 7 செ.மீ. விடுங்கள். வாயின் இரு முனையிலும் ரிவர்ஸ் (பின்னோக்கித் தையல்) அடித்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திருப்பும்போதே தையல் பிரியத் தொடங்கும்.

பஞ்சு

25 செ.மீ. காளைக்குச் சுமார் 100 கிராம் பாலியஸ்டர் பஞ்சு பிடிக்கும். கடையில் ரெக்ரான் என்று கேட்பது வழக்கம். கட்டியாக அப்படியே உள்ளே தள்ளாமல் விரலால் பிரித்துப் பிரித்து உதறிக்கொள்ளுங்கள். கொம்பு, கால் நுனிக்குக் கட்டைவிரல் அளவு துணுக்குகள், உடம்புக்குக் கைப்பிடி அளவு. தள்ளுவதற்கு மரக்கரண்டியின் காம்பு நல்லது. கத்தரி முனையால் தள்ளினால் தையல் கிழியும்.

மில் கழிவுப் பஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று அதைத் திணிப்பார்கள். ஒருமுறை நனைந்தால் அது உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும், நடுப்பகுதி காயாது. ஐப்பசி மழையில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும். இலவம்பஞ்சு நுண்ணிய தூசியாகப் பறந்து தையல் வழியே கசியும், இளைப்பு உள்ள குழந்தைக்கு ஆகவே ஆகாது. வெட்டிய துணித் துணுக்குகளைத் திணித்தால் பொம்மை கல் போலக் கனக்கும். அரிசி, ராகி, பயறு வைத்தால் வண்டு விழும், எலி தேடி வரும்.

தலை துவளாமல் நிற்கட்டும் என்று கழுத்துக்குள் தென்னை ஈர்க்கோ கம்பியோ வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அது துணியைத் துளைத்து வெளியே வர ஒரு வாரம் போதும், வரும் இடம் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கும். தலை துவள்வதற்குக் காரணம் கழுத்து ஒடுங்கலாக இருப்பதுதான். தலை அகலத்தில் பாதிக்குக் குறையாமல் கழுத்தை வரைந்து, தலையை நிரப்பியவுடன் கழுத்தைக் கட்டைபோல இறுகத் திணித்துவிட்டு உடம்புக்கு வாருங்கள்.

கண், மணி, கயிறு

மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பட்டன் கண், பாசிமணி, ஒட்டும் கண் எதுவும் வேண்டாம். பின்னால் வாஷர் போட்டுப் பூட்டும் கண்ணும் வேண்டாம். பூட்டு கழலாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள பனியன் துணி ஓட்டை பெரிதாகி, கண் வாஷரோடு சேர்ந்தே வந்துவிடும். எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்துக் கண்ணை நிரப்பித் தைத்துவிடுங்கள். பக்கத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் முன்பே தைத்தால் முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும்.

எது ஆபத்தான அளவு என்பதற்குப் பொம்மைத் தரநிலைகளில் ஒரு உருளை உண்டு. அதன் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதைவிடச் சற்றுப் பெரிய வட்டம் என்று மனதில் வையுங்கள். கழுத்துச் சலங்கை, முத்து, ரிப்பன் பூ எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சத்தம் வேண்டுமென்றால் மணியைக் கெட்டித் துணியில் தனிப் பையாகச் சுற்றிலும் இருமுறை தைத்து, பஞ்சுக்கு நடுவே வையுங்கள்.

காது, கொம்பு, வால் தாங்குமா என்று பார்க்கக் கொக்கித் தராசு போதும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 71, 6 மி.மீ.க்கு மேற்பட்ட பகுதிகளை 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்க்கிறது. ஏறக்குறைய 9 கிலோ. காதில் ஒரு கவ்வியை மாட்டித் தராசில் 9 கிலோ காட்டும்வரை இழுங்கள். வந்துவிட்டால் குழந்தையிடம் போகும் முன்பே வந்தது நல்லது.

தூளிக் கம்பில் தொங்கவிடும் கிளி, மயில் வரிசை கொங்கு வீடுகளில் பிரியமான பரிசு. அதில் வரும் தவறு கயிறு. 22 செ.மீ.க்கு மேல் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியும். குழந்தை கையை ஊன்றி எழத் தொடங்கும் ஐந்தாறு மாதத்தில் அதைக் கழற்றிவிடச் சொல்லியே கொடுங்கள்.

கடுகுத் தலையணை பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஆசையாகத் தைத்துத் தருவது அது. ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தலையணையோ பஞ்சுப் பொம்மையோ இருக்கக்கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மூச்சு முட்டும். தையல் விட்டால் கடுகு மூக்குக்குள்ளும் போகும். அந்த ஆசையை ஒரு மெல்லிய பருத்தி விரிப்பில் பூத்தையலாகக் காட்டலாம், அதுவும் குழந்தை விழித்திருந்து விளையாடும் நேரத்துக்கு.

கொடுப்பதற்கு முன்

வாயைக் கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் இரட்டை நூலில் மூடி, முடிச்சுப் போட்டு, ஊசியை உடம்புக்குள் 4 செ.மீ. ஓட்டி வெளியே எடுத்து நூலை வெட்டுங்கள். முடிச்சோடு ஒட்ட வெட்டினால் நாலு நாளில் அவிழும்.

குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மிஷின் ஓடாது. துண்டுகளைச் சேர்த்துக் காகிதத்தில் ஒட்டிப் பதிவும் செய்வார்கள். அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள். முடித்த பொம்மைமீது ஒரு நல்ல காந்தத்தை எல்லாப் பக்கமும் அழுத்தி ஓட்டினால் உள்ளே தங்கிய குண்டூசி காட்டிக்கொடுத்துவிடும்.

காது குத்துக்குச் சீர்த்தட்டில் வைக்கத் தைத்தது நன்றாக வந்து, அக்கம்பக்கத்தார் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்கினால் சட்டம் வேறு. பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. ஆர்டர் எடுக்கும் முன்பே அந்தப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.