பக்கவாதமும் செயலிகளும்: நேரத்தை எங்கே கோட்டை விடுகிறோம்?

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகின்றன. அதனால் முகம் ஒரு பக்கம் கோணி, கையைத் தூக்க முடியாமல், பேச்சு குழறி ஒருவர் தவிக்கும்போது செயலியைத் திறந்து அறிகுறிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது நேரத்தைப் பதிவு செய்வதில் நடக்கும் தவறு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நாம் அறிகுறியைக் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால் 10 என்றுதான் எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் செயலியிலோ மருத்துவமனைப் படிவத்திலோ இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லையென்றால் அவசரத்தில் கைக்கு வந்த நேரம்தான் பதிவாகும், சிகிச்சை முடிவும் அதை நம்பியே எடுக்கப்படும். அதற்காக, தூக்கத்தில் பக்கவாதம் வந்தவரைத் தாமதம் என்று கைவிடவும் கூடாது. ஸ்கேன் பார்த்துச் சிலருக்கு இன்னும் சிகிச்சை தர முடிகிறது, கட்டியைக் குழாய் விட்டு எடுப்பது தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவுகிறது.

சீரற்ற இதயத்துடிப்பும் பக்கவாதத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஸ்மார்ட்வாட்ச் எச்சரிக்கை தரவில்லை என்பதால் இதயத்துடிப்பு சீராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எச்சரித்தாலும் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும், நீங்களாகவே ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தொடங்குவதோ நிறுத்துவதோ ஆபத்து. சி.டி. படத்தைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான், சிறிய ரத்தக்குழாய்களில் உள்ள அடைப்பைத் தவறவிடலாம்.

சரி, கொள்கை வகுப்பவர்கள் செய்யும் தவறு என்ன? மருத்துவமனை வாசலிலிருந்து ஊசி வரை எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். அந்தக் கணக்கில் ஊசி போடப்பட்டவர்கள் மட்டுமே வருவார்கள். தாமதமாக வந்து வாய்ப்பை இழந்தவர், வந்து சேராமலேயே போனவர் யாரும் அதில் இல்லை. 90 நாள் கழித்து அந்த மனிதர் தானே நடக்கிறாரா, தானே சாப்பிடுகிறாரா என்பதையும் பக்கவாத நோயாளிகளின் பதிவேடு கேட்க வேண்டும். அந்தக் கேள்வியையும் எழுத்து நிறைந்த செயலி வழியாக மட்டும் அனுப்பினால், பக்கவாதத்தால் பேச்சும் வாசிப்பும் போனவர்களின் பதில் வராது. அவர்களுக்குப் போன் செய்து, வீட்டில் பார்த்துக்கொள்பவரிடமும் பேச ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.