குறுக்கு விசாரணையில் ஜூனியர்கள் சறுக்கும் இடங்கள்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் முதன்முறை குறுக்கு விசாரணைக்கு எழும் ஜூனியர்கள் கேஸ் கட்டைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கோட்டை விடுவது கேள்வியின் வாலில். சாட்சியிடம் கத்துவது, மிரட்டுவது எல்லாம் ஊரறிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடலாம்.

"பார்க்கல, இல்லையா?"

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வரும் தவறு இது. குடியாத்தம் ரோட்டில் ஓர் அடிதடி என்று வைத்துக்கொள்வோம். "அடிச்சத நீங்க பார்க்கல, இல்லையா?" என்கிறார் வக்கீல். சாட்சி "ஆமாங்க" என்கிறார். பார்க்காததற்கு ஆமாவா, பார்த்ததற்கு ஆமாவா? "இல்லைங்க" என்றாலும் அதே கதிதான்: பார்க்கவில்லை என்றும் எடுக்கலாம், நீங்கள் சொல்வது தப்பு என்றும் எடுக்கலாம்.

கோர்ட் பதிவில் சாட்சியம் பெரும்பாலும் கேள்வி பதிலாக ஏறாது, சாட்சியே சொல்வதுபோல் தொடர் நடையில் ஏறும். "சம்பவத்தை நான் பார்க்கவில்லை என்றால் சரிதான்" என்று ஒரு வரி. கடைசிச் சொல் "சரியல்ல" என்று விழுந்தால் அவர் பார்த்த சாட்சி! மேல்முறையீட்டுக்குச் சாட்சியின் தலையாட்டல் போகாது, அந்த வரிதான் போகும். சாதகமாக ஏறிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தாலும், குறுக்கு விசாரணைக்குப் பின் தன் சாட்சியை மீண்டும் கேட்கும் மறு விசாரணையில் அரசு வக்கீல் விளக்கம் கேட்டுச் சரிசெய்துவிடுவார்.

கேள்விக்குள் "இல்லை" வரக்கூடாது. "அப்போது நீங்கள் டீக்கடைக்குள் இருந்தீர்கள், சரியா?" அடுத்து, "கடைக்கு முன்னால் தட்டி கட்டியிருந்தது, சரியா?" பதில் மங்கலாக வந்தால் அங்கேயே நின்று, "பார்த்தீங்களா, பார்க்கலையா?" என்று கேளுங்கள். முக்கியமான இடம் என்றால் கேள்வி பதிலாகவே பதியும்படி நீதிபதியிடம் வேண்டலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 313-ன்படி வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்போது போனைப் பார்க்காமல் அந்த வரியைக் கவனியுங்கள்.

ஒரு கேள்வியில் இரண்டு சங்கதி

"வந்து அடித்தாரா?" என்பது இரண்டு கேள்வி. பிரியுங்கள்.

நுழைந்துவிடும் "அந்த"

"அந்த அரிவாளை எந்தக் கையில் வைத்திருந்தான்?" அரிவாள் இருந்ததா என்று அதுவரை யாருமே சொல்லவில்லை. சாட்சி "வலது கை" என்றதும் அரிவாள் பதிவேறிவிடுகிறது. எதிர்த்தரப்பு தன் சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணையில் இப்படி ஆரம்பித்தால், பதில் வருமுன் எழுந்து ஆட்சேபியுங்கள், பதிலை ஊட்டும் கேள்வியை அங்கே தடுக்கும் பிரிவு 146 (சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.) உங்கள் பக்கம். வினைச்சொல்லும் இப்படித்தான். லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு கார் விபத்துப் படம் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேள்வி. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 50-க்கு 7 பேர், இரண்டாம் குழுவில் 50-க்கு 16 பேர்.

"ஏன்?"

குறுக்கு விசாரணையில் கேட்காதீர்கள்.

ஆண்ட, அப்பால

தெற்கிலிருந்து வந்து இங்கே பிராக்டீஸ் செய்பவர்கள் இந்த வட்டாரச் சொற்களில் அடிக்கடி விழுகிறார்கள். "கத்தி அவனாண்ட இருந்துச்சி" என்கிறார் ஆற்காட்டுச் சாட்சி. கையில் இருந்ததா, பக்கத்தில் கிடந்ததா? "அவனிடம் இருந்தது" என்று ஏறிவிட்டால் கத்தி அவன் கைக்கே போய்விடும். "அப்பால போனான்" என்றால் பிறகு போனானா, தள்ளிப் போனானா? வாக்குமூலத்தில் சாட்சியின் சொல்லை அப்படியே மேற்கோளில் பதியச் சொல்லுங்கள். அடுத்த கேள்வியிலேயே, "கையிலா, கீழேயா?" என்று கேட்டு அதையும் ஏற்றிவிடுங்கள்.