'வூ' என்றால் காதலிப்பது அல்ல

ஒரு பழைய ஆங்கில நாவலின் தமிழாக்கத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். 'அவன் அவளை மூன்று வருடம் காதலித்தான்' என்று ஒரு வரி. இரண்டு பக்கம் தள்ளி, அவனைத் தனக்கு எப்போதுமே பிடித்ததில்லை என்கிறாள் அவள். மூலத்தைப் பார்த்தால் அங்கே இருந்த சொல் 'வூ' (woo).

இந்தச் சொல்லில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 'வூ' மனதுக்குள் இருக்கும் காதலைச் சொல்லவில்லை. சம்மதம் வாங்க ஒருவன் படும் பாட்டைச் சொல்கிறது. பெண் கேட்டு நடையாய் நடப்பது என்போமே, கிட்டத்தட்ட அது. என்ன, அப்பாவிடம் கேட்காமல் பெண்ணிடமே கேட்கிறான். அவள் மசிந்தாளா என்பது தனிக்கதை. அதனால்தான் ஆங்கிலத்தில் 'வூட் அண்ட் வன்' என்று ஜோடியாகச் சொல்வார்கள்: முதலில் முயற்சி, அப்புறம் வெற்றி. 'அவள் மனதைப் பிடிக்கப் பார்த்தான்' என்று திருத்தினேன், கதை நேராகிவிட்டது.

இந்த வினையைக் 'களவு' என்று, சங்க இலக்கியத்தின் மறைவான காதலாக, அழகாக மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு. களவில் இருவருக்கும் சம்மதம் உண்டு, ஊருக்குத்தான் தெரியாது. இங்கே ஊருக்கே தெரியும், அவளுடைய சம்மதம்தான் பாக்கி.

பிறப்பைப் பற்றியும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. ஒலியை வைத்து, சபதம் என்று பொருள்படும் 'வவ்'வோடு (vow) முடிச்சுப் போடுவார்கள். 'வவ்' லத்தீன் 'வோட்டும்' வழியாகப் பிரெஞ்சிலிருந்து வந்தது. நம் தேர்தல் 'வோட்'டும் அதன் உடன்பிறப்பு. 'வூ'வோ பழைய ஆங்கிலத்தின் 'வோகியன்'. வயது சுமார் ஆயிரம். ஜெர்மனிலோ டச்சிலோ அதற்குச் சொந்தமென்று எந்தச் சொல்லும் அகப்படவில்லை. வாக்காளரை 'வூ' செய்வதாகச் செய்தித்தாள்கள் எழுதும்போது பக்கத்தில் நிற்கும் 'வோட்'டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். நம் நாக்கு இதை 'ஊ' ஆக்கிவிடும். இறந்தகாலம் 'வூட்', நெடில். குறிலாக்கினால் மரக்கட்டை.

'மேக் லவ்' இன்னும் பெரிய குழி. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல் 1815 டிசம்பரில் வெளிவந்தது. அதில் விருந்து முடிந்து திரும்பும் வண்டியில் எல்டன் என்ற பாதிரியார் எம்மாவிடம் 'வயலன்ட் லவ்' செய்கிறார். பதற வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று காதலைக் கொட்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அந்தத் தொடருக்குப் பொருளே வாயால் செய்யும் காதல் பேச்சுதான்; படுக்கை அர்த்தம் 20ஆம் நூற்றாண்டில்தான் அதை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

'கோர்ட்' என்ற வினைக்கும் இதே வேலைதான். வந்த இடம் அரசவை: அங்கே நடப்பதுபோல் குழைந்து நடப்பது. தானாகத் தேடிப் போவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. சுதந்திரப் போராட்டக் கட்டுரைகளில் வரும் 'கோர்ட்டட் அரெஸ்ட்' இந்த வகைதான். தொண்டர்கள் வலியப் போய்க் கைதானார்கள் என்று அர்த்தம். அதை 'நீதிமன்றத்தில் கைது' என்று எழுதியதையும் நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன்.