கண்மாய்ப் பறவையின் நிறம் படத்தில் ஏன் வருவதில்லை?

மதுரை வண்டியூர் கண்மாய்ப் பக்கம் காலை நடை போகிறவர்கள் சம்புப் புதரைப் பார்த்ததும் நின்று போனை எடுப்பார்கள். உள்ளே நீலத் தாழைக்கோழி மேய்ந்துகொண்டிருக்கும். நீலமும் ஊதாவும் கலந்து மின்னும் உடம்பு, சிவந்த அலகு, நெற்றியிலும் அதே சிவப்பு. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் கறுப்பாக ஏதோ ஒரு கோழி நிற்கும். கேமரா சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலும் நின்ற இடம்தான் தவறு.

மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுமே, இந்த இறகும் கிட்டத்தட்ட அப்படித்தான். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நீலம் தெரிகிறது. வெயில் பறவைக்குப் பின்னால் இருந்தால் நிறம் செத்துப்போகும். சூரியன் உங்கள் முதுகில் பட வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரைக்குப் போங்கள். நம்மூர் வெயிலுக்கு ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பறவையை எடுப்பது வீண். கானல் எழுந்து இறகின் வரிகள் எல்லாம் கலங்கிவிடும், எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது வெளிச்ச அளவு. நாமக்கோழிக்கு உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் நெற்றியும் பளிச்சென்ற வெள்ளை. கேமரா கறுப்பைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அலகு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். குள்ளத்தாரா என்ற சின்ன வாத்தின் வெள்ளை முகத்துக்கும் இதே கதிதான். போனில் பறவையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு வரை, குறைத்துப் பாருங்கள். இருட்டான இடத்தைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வெள்ளை திரும்பி வராது.

கரை மேல் நின்றபடியே கீழே பார்த்து எடுப்பதையும் விட்டுவிடுங்கள். வழுக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும், பறவையின் கண் மட்டத்துக்கு வந்துவிடலாம். பின்னணியும் தள்ளிப்போய் மங்கும். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பறவைகள் அவ்வளவாக மிரளுவதில்லை என்பது இன்னொரு லாபம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் தேடி அக்டோபரிலேயே சாமநத்தம் கண்மாய்க்குப் போய்விட்டு, எல்லாமே மண் நிறமாக இருக்கிறதென்று ஏமாந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் இறகு உதிர்த்து, பெட்டையைப் போல மங்கலான தோற்றத்துக்கு மாறிவிடும். நிறம் மெதுவாகத்தான் திரும்பும், அதிலும் நீலச்சிறகி ரொம்பத் தாமதம். ஜனவரி, பிப்ரவரியில் அதே கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம் வந்திருக்கும். ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும் புள்ளிமூக்கு வாத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அலகு நுனியின் மஞ்சளை எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

அப்புறம் எடிட்டிங். நிறம் வரவில்லை என்று சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றி இழுத்தால் நீலத் தாழைக்கோழி மைக்கூட்டில் விழுந்தது மாதிரி ஆகிவிடும், இறகுகளே தனித்தனியாகத் தெரியாது. சுற்றிலும் ஆகாயத்தாமரைப் பச்சை இருக்கும்போது கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தடுமாறுவதுண்டு. அதைப் பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்ட பழக்கத்தில் இங்கேயும் போட்டுப் பறவையைக் கிட்டத்தில் வரவழைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாய்கள் திரியும் கரைக்கு நாமே பறவைகளை இழுத்து வருகிறோம்.

படத்துக்காகச் சம்பை விலக்கிப் பார்ப்பது இதைவிட மோசம். மறைப்பு போனால் முட்டை காக்கைக்குத்தான். கூட்டைக் குலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அலகில் கோரைத் தண்டோடு ஒரே புதருக்குள் திரும்பத் திரும்பப் போகும் பறவையைக் கண்டால், ஒரு படம் எடுத்த கையோடு அடுத்த கரைக்கு நகர்ந்துவிடுங்கள்.