லியோனில் மாணவர் அறை பிடிக்க: காரைக்குடியிலிருந்து கறாரான சில யோசனைகள்

மே மாதம் பிறந்தால் என் வீட்டு முகப்பில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். சிக்ரியில் பி.டெக். முடித்த பிள்ளை, அழகப்பா பல்கலைக்கழகத்துப் பெண், கூடவே மஞ்சள் பையோடு அவரவர் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா). லியோனில் படிக்க இடம் கிடைத்துவிட்டது, இனி தங்க இடம் வேண்டும். "ஆச்சி, இந்த அறை நன்றாக இருக்கிறதா பாருங்கள்" என்று கைபேசியை நீட்டுவார்கள். திரையில் வெள்ளைச் சுவர், ஜன்னலோரம் ஒரு செடி, படுக்கைமேல் நாலு தலையணை. அந்தச் செடியும் தலையணையும் படம் எடுத்த அன்றே போய்விட்டிருக்கும். நான் கேட்பது இரண்டே காகிதங்கள்: ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம், முழு முகவரி. இவை கைக்கு வராத அறையைப் பற்றிப் பேசுவது வீண்.

அந்த ஊரில் படித்துவிட்டு வந்து இப்போது இங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். லியோனைப் பற்றித்தான் எழுதுகிறேன். சட்டங்கள் பெரும்பாலும் மற்ற பிரெஞ்சு நகரங்களுக்கும் பொருந்தும்.

அரசு மாணவர் விடுதிகளை நடத்துவது க்ரூஸ் என்ற அமைப்பு. மலிவானது. ஆனால் முன்னுரிமை அந்நாட்டு உதவித்தொகை மாணவர்களுக்கு. பல்கலைக்கழகப் பரிமாற்றத்தில் போகிறவர்களுக்குச் சில சமயம் இடம் ஒதுக்கியிருப்பார்கள்; சொந்தமாகச் சேருகிறவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மிஞ்சுவது தனியார்தான். அதில் மூன்று வழிகள்: ஸ்டுடெயா, லெஸ் எஸ்துதீன் போன்ற நிறுவனங்கள் நடத்தும் மாணவர் குடியிருப்பு, தனி வீட்டுக்காரரின் ஸ்டூடியோ (சமையல் மூலையோடு கூடிய ஒற்றை அறை வீடு), நாலு பேர் சேர்ந்து எடுக்கும் கூட்டு வீடு. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நேரில் பார்க்காமல் பிடிப்பவருக்கு முதலாவதைத்தான் சொல்வேன். வாடகை கொஞ்சம் கூடுதல்; ஆனால் அலுவலகம் இருக்கிறது, விசாவுக்குக் கேட்கும் தங்குமிடச் சான்றை முறையாகத் தருவார்கள். முதல் வருடம் அங்கே இருந்துவிட்டு, ஊர் பழகியபின் மாறிக்கொள்ளலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிவையுங்கள்: விசா மறுக்கப்பட்டால் எந்தெந்தப் பணம் திரும்பி வரும்? வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்து, விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி இடம். எல்லாரும் 'லியோன் நடு ஊர்' என்று தேடி பெல்கூர் சதுக்கத்தின் அருகே அறை பார்க்கிறார்கள். உங்கள் கல்லூரி எங்கே? இன்சா பொறியியல் கல்லூரியும் லியோன்-1 பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகளும் இருப்பது வில்யூர்பானில், லா துவா வளாகத்தில். அங்கே போவது டி1 (T1) டிராம். வில்யூர்பான் தனி நகராட்சி என்று படித்துவிட்டு வெளியூர் என்று மிரள வேண்டாம். லியோனோடு ஒட்டியே கிடக்கிறது, ஒரு தெருவைக் கடந்தால் ஊர் மாறிவிடும். மருத்துவம் சார்ந்த படிப்பு என்றால் மெட்ரோ டி (D) வழியில் க்ரான்ஜ் ப்ளான்ஷ். 2024இல் ஜெர்லானுக்கு மாறிய எம்லியோன் வணிகப் பள்ளிக்கு மெட்ரோ பி. எக்கோல் சாந்த்ரால் பொறியியல் கல்லூரி மேற்கே எகுயியில் இருக்கிறது. அங்கே பஸ்ஸை நம்ப வேண்டும். என் விதி எளிது: வண்டி மாறாமல் கல்லூரிக்குப் போக முடிகிற அறை, நடு ஊரில் இருக்கும் அழகான அறையைவிட மேல். ஜனவரி மாதம் காலை ஏழரை மணி இருட்டில், குளிரில், இரண்டாவது வண்டிக்காக நிற்கும்போது இது புரியும். மளிகைக்குக் கியோத்தியேர் பக்கம் போனால் மசாலாச் சாமான்கள் கிடைக்கும். வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், இரவுச் சத்தம் அதிகமான பகுதி, குடியிருக்க நான் சொல்ல மாட்டேன்.

க்ருவா-ரூஸ் குன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டுக்காரர்கள் அங்கேதான் மயங்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. ஜக்கார்டு தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே கூரையை ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். மேலே பெரிய மர உத்தரங்கள், உயர்ந்த ஜன்னல்கள். உயரமான கூரையும் மரவேலையும் கண்ட உடனே அப்பச்சிகள் தலையாட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் மின்சார ஹீட்டரின் சூடெல்லாம் அந்த உயரத்துக்குத்தான் போய்ச் சேரும். நீங்கள் கீழே கம்பளிக்குள் இருப்பீர்கள். இன்னொன்று: கூரை உயரம் என்பதால் பாதியில் பலகைத் தளம் போட்டு அதன்மேல் படுக்கை வைத்திருப்பார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத இடம் பரப்பளவில் சேராது. 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பகுதியைச் சட்டப்படி கணக்கில் எடுக்கக் கூடாது. ஆகவே விளம்பரத்தில் '22 சதுர மீட்டர்' என்று இருந்தால், அது மேல்தளத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். பொதுவாக ஒரு வாடகை வீட்டில் குறைந்தது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும் கொண்ட முக்கிய அறை ஒன்று இருக்க வேண்டும், அல்லது அந்த அறை 20 கன மீட்டர் கொள்ளளவு கொண்டிருக்க வேண்டும்.

அதோடு ஆற்றல் தரச்சான்றைக் கேளுங்கள். ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை எழுத்துகள். 2025 ஜனவரி 1 முதல் ஜி வகை வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. எஃப் வகைக்கு 2028 வரை அவகாசம் இருப்பதால் இன்னும் சந்தையில் சுற்றுகிறது. மின்சாரக் கட்டணம் உங்கள் தலையில் என்றால் அதைத் தொடாதீர்கள்.

பணக் கணக்கு. வாடகையைச் 'செலவு சேர்த்து', 'செலவு நீங்கலாக' என்று இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டையும் குழப்பினால் மாதக் கணக்கே கோணலாகிவிடும். ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். ஏஜென்சி வழியாக 18 சதுர மீட்டர் ஸ்டூடியோ, வாடகை 560 யூரோ, பராமரிப்பு 60. மாதம் 620. அறைகலன்கள் உள்ள வீடு என்பதால் வைப்புத்தொகையாகச் செலவு நீங்கலான இரண்டு மாத வாடகை வரை, அதாவது 1,120 கேட்கலாம். ஏஜென்சி வாடகையாளரிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. லியோன் போன்ற வீட்டு நெருக்கடி உள்ள நகரங்களில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 யூரோ, வீட்டு நிலைப் பதிவுக்கு (குடியேறும்போது வீடு இருக்கும் நிலையை எழுதிவைப்பது) சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3. ஆக 234 அளவில். முதல் மாதத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 1,974 யூரோ உள்ளே நுழையும் முன்பே வேண்டும். இதில் வீட்டுக் காப்பீடும் மின்சாரமும் சேரவில்லை. காப்பீடு கட்டாயம், சான்று இல்லாமல் சாவி தர மாட்டார்கள்.

காஃப் என்ற அரசு நல உதவி அலுவலகம் தரும் வீட்டு வாடகை உதவியைக் கழித்துக்கொண்டு, "ஆச்சி, 620 எங்கே, 450தான்" என்று கணக்குப் போடுவார்கள். அதைக் கழிக்காமல் சமாளிக்க முடிந்தால்தான் அந்த அறை உங்களுக்குக் கட்டுப்படியாகும். குடியேறிய அடுத்த மாதத்திலிருந்துதான் அந்த உரிமையே தொடங்கும். தவிர, உதவித்தொகை பெறாத ஐரோப்பியரல்லாத மாணவர்களுக்கு அதை நிறுத்தும் யோசனை 2025 அக்டோபரில் அரசு முன்வைத்த பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. போகும் முன் அன்றைய விதியைப் பாருங்கள்.

லியோனிலும் வில்யூர்பானிலும் 2021 நவம்பர் முதல் சோதனைத் திட்டமாக வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அது நடைமுறையில் உள்ளவரை, ஒப்பந்தத்தில் அந்தப் பகுதிக்கான உச்ச வாடகையை எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம்.

வாடகைக்கு ஜாமீன் நிற்க ஆள் காட்டுவதுதான் நம்மவர்களை உட்காரவைத்துவிடும் முட்டுக்கட்டை. தேவகோட்டையில் மூன்று வீடும் பள்ளத்தூரில் தோப்பும் இருந்தாலும், பிரான்ஸில் சம்பளம் வாங்காத அப்பச்சியைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஏற்பதில்லை. இதற்காகவே விசால் என்ற இலவச ஜாமீன் திட்டத்தை ஆக்ஸியோன் லோழ்மான் அமைப்பு நடத்துகிறது; 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு. வாடகைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும், பின்னால் போய் வாங்க முடியாது. விசாலை ஏற்பீர்களா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். தனியார் ஜாமீன் நிறுவனங்கள் வாடகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கும்.

ஒப்பந்தத்தில் முதலில் நான் தேடுவது 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டத்தைக் குறிப்பிடும் வரி. அது இருந்தால் வாடகையாளருக்கான பாதுகாப்புகள் உண்டு. சில குடியிருப்புகள் ஓட்டல் பாணியில் வேறு ஒப்பந்தம் போடும். அதில் வெளியேறும் விதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். அறைகலன்கள் உள்ள வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம், மாணவருக்கு மட்டும் 9 மாத ஒப்பந்தம், படிப்பு, பயிற்சி போன்றவற்றுக்காகத் தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கு 1 முதல் 10 மாதம் வரையான மொபிலித்தே ஒப்பந்தம் என மூன்று வகை. கடைசி வகையில் வைப்புத்தொகையே கேட்கக் கூடாது. மூன்றிலும் ஒரு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம். முதுநிலைப் படிப்பில் பாதி வருடம் பயிற்சிக்காக துலூஸுக்கோ பாரிஸுக்கோ போக நேரலாம் என்பதால் இந்த ஒரு மாதம் மிக முக்கியம்.

கூட்டு வீட்டில் ஒரே ஒப்பந்தத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டால், கூட்டுப் பொறுப்பு விதி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெரிய வீடுகளில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள்: வளவு பொது, அறையும் அடுப்பும் கணக்கும் தனி. அங்கே நேர்மாறு. குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு என்று பால் புட்டியில்கூடப் பெயர் எழுதுவார்கள், ஆனால் வாடகைப் பொறுப்பு பொது. ஒருவன் வாடகை கட்டாமல் ஓடினால் மற்ற மூவரும் கட்ட வேண்டும். நீங்களே வெளியேறினாலும், உங்கள் இடத்துக்கு ஆள் வராவிட்டால் முன்னறிவிப்புக் காலம் முடிந்தபின் ஆறு மாதம் வரை அந்தப் பொறுப்பு தொடரும். ஆளுக்குத் தனி ஒப்பந்தம் தரும் கூட்டு வீடுகளும் உண்டு, அவற்றைத் தேடுங்கள்.

வீடியோவில் அறையைக் காட்டச் சொல்லும்போது சமையல் மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மின் அடுப்பு, மேலே ஒரு ஹூட். அந்த ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறதா? பல வீடுகளில் இரண்டாவது வகைதான். கூரையில் உள்ளங்கை அளவு வெள்ளை வட்டு இருக்கும், சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மின்னும். அது புகை எச்சரிக்கைக் கருவி, 2015 மார்ச் முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். எண்ணெயில் கடுகு வெடித்து, வரமிளகாய் கறுக்கிற நொடியில் அலறத் தொடங்கும். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவான். ஆகவே அடுப்புக்கு எட்டும் தூரத்தில் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கிறதா என்று திறந்தே காட்டச் சொல்லுங்கள். வட்டில் பிளாஸ்டிக் பையைக் கட்டுகிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

மோசடி பற்றி இரண்டு வரி. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும், பணத்தை ரீசார்ஜ் கூப்பன் எண்ணாக அனுப்பு என்று யார் சொன்னாலும் பேச்சை முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையை வாடகை விண்ணப்பத்துக்குக் கேட்பதே சட்டப்படி கூடாது. பாஸ்போர்ட் நகலை வெறுமனே அனுப்பாமல், தொசியே ஃபசில் என்ற இலவச அரசுத் தளத்தில் ஏற்றினால் குறுக்கே நீர்க்குறி போட்டுத் தருவார்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டு நிலைப் பதிவில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கீறலையும் எழுதவைத்துப் படம் எடுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்க 10 நாள் அவகாசம் உண்டு. ஹீட்டர் பழுதுக்குச் சூடேற்றும் பருவத்தின் முதல் மாதம் முழுவதும். வெளியேறும்போது பதிவு ஒத்துப்போனால் வைப்புத்தொகை ஒரு மாதத்தில், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் திரும்ப வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் 10 விழுக்காடு கூடும். வெள்ளைச் சமையல் மேடையில் மஞ்சள் கறை படிந்தால் போகாது. பலகை போட்டு அரியுங்கள். தகராறு வந்தால் அடில் என்ற வீட்டு ஆலோசனை மையத்தில் இலவசமாகச் சட்ட விளக்கம் சொல்வார்கள்.

விமான டிக்கெட் போடும்போது சனிக்கிழமை மாலையோ ஞாயிறோ லியோனில் இறங்காதீர்கள். குடியிருப்பு அலுவலகம் பூட்டியிருக்கும், சாவி கிடைக்காது. திங்கள் முதல் வெள்ளிக்குள், அலுவலக நேரத்தில் போய்ச் சேரும்படி பார்த்து, வருகை நேரத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது முடியாவிட்டால் முதல் இரவுக்கு பார்-தியூ நிலையத்தின் அருகே விடுதி அறை ஒன்றை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.